இத மட்டும் சொல்லாதக்கா

1

ஒவ்வொரு வருடமும் குளிர் விடுகிற சமயத்தில் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு தேர்வு வரும். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதிவிடலாம். ஆறு வருடமாக எழுதுகிறேன். கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

இந்த வருடம் பதினோராவது கேள்வியில் நின்றுவிட்டேன். ‘நோயாளி உங்களிடம் ஒன்றைச் சொல்லி, இதை டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?’ கீழே நான்கு பதில்கள். மூன்றாவதுதான் சரி. அவர் சொன்னதை முழுக்கச் சொல்ல வேண்டும். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாததா? எழுந்து போய் ஜன்னலருகே நின்றேன். வாசலில் பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள் என்று திரையில் இருந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளையோ புருஷனையோ இங்கே அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, ‘நான் நல்லா இருக்கேன்’ என்று அவர்கள் போனில் சொல்வதை நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் படிக்கட்டும். இதில் வருகிறவரின் பெயரை மாற்றியிருக்கிறேன். கன்னியப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய குப்பத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கல்பாக்கத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது. அவ்வளவு போதும்.

2

என் வேலை போனில் மொழிபெயர்ப்பது. அமெரிக்காவில் எங்கோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தால், அங்கிருக்கும் நர்ஸ் ஒரு நம்பரை அழுத்துவார். என் வீட்டில் மணி அடிக்கும். கம்பெனி எனக்குக் கொடுத்த எண்ணைச் சொல்லிவிட்டுத் தொடங்குவேன். பெயர் சொல்லக்கூடாது.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. நோயாளி ‘எனக்கு வயிறு வலிக்குது’ என்றால், ‘அவருக்கு வயிறு வலிக்கிறதாம்’ என்று சொல்லக்கூடாது. ‘எனக்கு வயிறு வலிக்கிறது’ என்றே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். டாக்டர் பேசும்போதும் அப்படித்தான். காலையில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருப்பேன். பத்து மணிக்கு மூட்டு தேய்ந்த கிழவர். மதியம் ‘உங்கள் குழந்தைக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்’ என்று சொல்லும் டாக்டர். எல்லாம் படுக்கையறை மூலையில் போட்ட ஒரு சின்ன மேஜையில் நடக்கும்.

எனக்குச் செங்கல்பட்டு. கல்யாணத்துக்கு முன்பு நாவலூரில் ஒரு கால்சென்டரில் இருந்தேன். அங்கே பழகிய இங்கிலீஷ்தான் இங்கே சோறு போடுகிறது. அம்மா செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக வார்டுக்குத்தான் போவேன். மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டரு இன்னாம்மா சொன்னாரு?” என்று கேட்பார்கள். அம்மா பெருக்குமாறைச் சாத்தி வைத்துவிட்டுச் சொல்லுவார். சில நேரம் டாக்டர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லுவார். “ஊர்ல போயி மருந்த நிறுத்திடாத, சாவப் போற” என்பார். அங்கே சீட்டு போடும் இடத்தில் பேர், வயசு, ஊர், இந்த மூன்றைத்தான் கேட்பார்கள். கூட்டம் இருக்கும், நிற்க இடம் இருக்காது, திட்டு விழும். ஆனால் நீ யார், எந்த நாட்டுக்காரன், காகிதம் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. அது பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொன்னால் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு வேலை பார்க்கும் எனக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கிடையாது. நான் கான்ட்ராக்ட் ஆள். என் கணவர் வேலை பார்க்கும் கிடங்கில் அவருக்கு மட்டும் உண்டு. என்னையும் சேர்த்தால் அவர் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். மகள் ஜெனிக்குப் பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள், அவளுக்கு அரசாங்கமே கொடுக்கிறது. எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் என் தம்பி மாத்திரை வாங்கி, இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவான். வருகிறவர்கள் கிடைக்காத மாதங்களில் ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துப் போட்டுக்கொள்வேன்.

3

கன்னியப்பன் முதல்முறை வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. தெற்கே ஒரு பெரிய ஊரின் அவசர சிகிச்சைப் பிரிவு. டாக்டர் இளைஞர் என்று குரலில் தெரிந்தது. என்ன தொந்தரவு என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“மூச்சு வுட முடில மேடம். படுத்தா அடைக்குது. காலு ரெண்டும் வீங்கிக்கினு கீது. நேத்திலருந்து ஒரே பேஜாரு.”

அந்தப் பேச்சைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது! என்னுடைய காதில் யாழ்ப்பாணம் விழும், திருநெல்வேலி விழும், டி.வி.க்காரர்கள் பேசும் தமிழ் விழும். ‘கீது’ விழுந்ததே இல்லை. டாக்டரிடம் ஒழுங்காகச் சொன்னேன். ஆனால் அவருக்கு என் குரல் பிடிபட்டுவிட்டது. இத்தனைக்கும் நான் புத்தகத் தமிழில்தான் பேசினேன்.

“நீங்க நம்ம பக்கமா மேடம்? போன தபா ஒரு மேடம் வந்தாங்கோ. நா பேசறது அவங்களுக்குப் புரியல, அவங்க பேசறது எனக்குப் புரியல. டாக்டரே தேவலாம்னு ஆயிப் போச்சி.”

விதிப்படி அதையும் இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் சிரித்தார். உங்களுக்கு விருப்பமிருந்தால் ஊரைச் சொல்லுங்கள் என்றார்.

“செங்கல்பட்டு,” என்றேன்.

கன்னியப்பன் மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது. “எங்க வூட்டாண்டருந்து பஸ்ல ஒரு மணி நேரம்,” என்றார். அதற்குப் பிறகு என்னை மேடம் என்று கூப்பிடவில்லை. அக்கா என்றார்.

கேள்விகள் கேட்கக் கேட்க அவர் கதை எனக்குத் தெரிந்தது. மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு கடற்கரை ஓட்டலில் மீன் சுட்டுக்கொண்டிருந்தவர். அவர் கை ருசியைப் பார்த்து ஒரு ஏஜென்ட் சமையல் வேலைக்கென்று கூட்டி வந்தான். பதினோரு வருடம் ஆகிவிட்டது. நடுவில் விசா முடிந்துபோனது. ஒரு ஓட்டலின் பின்கட்டில் வேலை, அதற்கு மேலேயே ஒரு அறையில் நான்கு பேராகத் தூக்கம். சர்க்கரை இருந்தது தெரியாது. இரண்டு சிறுநீரகமும் போன பிறகுதான் தெரிந்தது. குப்பத்தில் மனைவி, ஒரு மகள். அவர் வரும்போது மகளுக்கு ஆறு வயது. இப்போது கல்லூரி போகப் போகிறாள்.

4

சிறுநீரகம் போனவர்களுக்கு வாரத்துக்கு மூன்று முறை மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். காகிதம் உள்ளவர்களுக்கு இங்கே அது கிடைக்கும். கன்னியப்பன் போன்றவர்களுக்கு அவர் இருந்த மாநிலத்தில் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் செய்வார்கள். அவர் அவசரப் பிரிவுக்கு வருவார். ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஓர் அளவைத் தாண்டியிருந்தால், அல்லது மூச்சு மோசமாக இருந்தால், உள்ளே எடுப்பார்கள். தாண்டவில்லை என்றால் வீட்டுக்குப் போய் இன்னும் மோசமானதும் வாருங்கள் என்பார்கள். அப்படிச் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்துக்குத் தமிழில் நாங்கள் மூன்று நான்கு பேர்தான் இருந்தோம். அதனால் அவர் என்னிடமே அடிக்கடி வந்து விழுந்தார். ஒருமுறை ஒரு பெண் டாக்டர், “இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. நாளையோ மறுநாளோ வாருங்கள்,” என்றார். நான் சொன்னேன். கன்னியப்பன் கோபப்படவில்லை. ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

“எங்க மச்சானுக்கும் இதே கிட்னிதான்கா. வாரத்துக்கு மூணு தபா செங்கல்பட்டு போய்க்கினு வரான். செவ்வா, வியாழன், சனி. சோத்தக் கட்டிக்கினு பஸ் ஏறிடுவான். முத்திப் போனப்புறம் வாடான்னு அவன யாரும் சொல்றதில்ல. இவங்களாண்ட இத்தினி மெஷினு கீதே, இன்னாத்துக்கு இப்பிடி?”

இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர், “எனக்குத் தெரியும். என்னை மன்னியுங்கள்,” என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது, நானே அவரிடம் மன்னிப்பு கேட்பது போல இருந்தது. “நீ இன்னாக்கா பண்ணுவ,” என்றார் கன்னியப்பன். அதையும் சொன்னேன். டாக்டருக்கு அது யாருக்குச் சொன்னது என்று புரிந்திருக்காது.

ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். ஒரு நர்ஸும் கேட்டார். போனால் திரும்பி வர முடியாது, மகள் படிப்பு முடியும்வரை தாக்குப் பிடிக்க வேண்டும் என்றார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றார். வீடியோவில் பேசும்போது கால் தெரியாமல், முகத்தை மட்டும் காட்டுவாராம். முகமும் வீங்க ஆரம்பித்ததும் வெறும் போனில் மட்டும் பேசினார்.

5

அன்று சனிக்கிழமை. ஜெனி வீட்டில் இருந்தாள். அடுத்த அறையில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். நான் பேசுவதை அவள் கவனிப்பதில்லை. சின்ன வயதில் கதவருகே உட்கார்ந்து கேட்பாள். இப்போது காதில் ஏதாவது மாட்டிக்கொண்டிருப்பாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அதுவும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை.

கன்னியப்பனுக்கு அன்று குரலே எழும்பவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தார். விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த இடைவெளியில் கன்னியப்பன் போன் பக்கம் நெருங்கி வந்தார்.

“அக்கா, வாழப்பழம் நாலு துன்னுட்டு வந்துகீறன். அப்பதான் நம்பரு ஏறும். போன வாரம் ரெண்டு தபா திருப்பி அனுப்ச்சிட்டாங்கோ. கூட வேல செய்ற மெக்ஸிகோ ஆளு சொல்லிக் குடுத்தான். இத மட்டும் சொல்லாதக்கா.”

வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் போனவருக்கு அது விஷம். அளவு கொஞ்சம் கூடினால் இதயம் நின்றுவிடும். இந்த வேலையில் இருந்துகொண்டு அது எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லாமல் விட்டால், வந்திருக்கும் எண்ணைப் பார்த்து நிதானமாக மெஷினுக்கு அனுப்பலாம். அரை மணி, ஒரு மணி நேரம் ஆகலாம். பழம் அதற்குள் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். சொன்னால், வேண்டுமென்றே செய்துகொண்டார் என்று காகிதத்தில் எழுதுவார்கள். இதையெல்லாம் நான் அப்போது யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். பிறகு யோசித்தது. அப்போது எனக்கு இருந்தது இரண்டு நொடி.

இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். “இங்கே வருவதற்கு முன்னால் நான் நான்கு வாழைப்பழம் சாப்பிட்டேன். என்னுடைய எண் ஏற வேண்டும் என்று சாப்பிட்டேன். போன வாரம் என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இதை மட்டும் அவரிடம் சொல்லாதே.”

தட்டுகிற சத்தம் நின்றது.

மொழி தெரியாவிட்டாலும் ‘பனானா’ கன்னியப்பனுக்குத் தெரியும். “சொல்ட்டியாக்கா?” என்றார். அதையும் சொன்னேன், விதிப்படி. டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து யாரையோ கூப்பிட்டார். ஓடிவரும் காலடிகள் கேட்டன. சில நிமிடங்களில் லைன் துண்டிக்கப்பட்டது.

திரும்பிப் பார்த்தால் கதவில் ஜெனி நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அம்மா,” என்றாள். தமிழில்தான் பேசினாள். “நீ ஏன் அப்படி சாப்பிட்ட? உனக்கு என்ன?”

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. அது நான் இல்லை, வேறு ஒருவர் என்றேன். இவ்வளவு வருடத்தில் அவளுக்கு என் வேலையின் இந்த விதியை நான் விளக்கியதே இல்லை. அவளும் கேட்டதில்லை. என்னைப் பற்றி ஏதோ மறைக்கிறேன் என்றுதான் அவள் நினைத்தாள். சமையலறையில் போய் என் மாத்திரை டப்பாவைத் திறந்து, உடைத்து வைத்திருந்த பாதி மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு வந்தாள்.

“அப்போ இது?”

6

அடுத்த வாரம் கன்னியப்பன் மறுபடி என்னிடம் வந்தார். என் எண்ணைச் சொன்னதும் குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். நர்ஸ் ஏதோ கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அவர் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

“வேற ஆளு குடுக்கச் சொல்லு. இந்தம்மாவ நான் நம்ப மாட்டன்.”

அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “எனக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இந்தப் பெண்மணியை நான் நம்பவில்லை,” என்று என் வாயாலேயே, தெளிவான இங்கிலீஷில் சொன்னேன். நர்ஸ் தடுமாறினார். “நீங்கள்தானே அது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாற்றிவிட்டார்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அன்று வேறு அழைப்பு எதையும் எடுக்கவில்லை.

அவர் சொன்னதில் தவறில்லை. நான் செய்ததிலும் தவறில்லை என்று கம்பெனி சொல்லும். அம்மா இருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அம்மா டாக்டரிடம் சொல்லியிருப்பார், ஆனால் கன்னியப்பனிடம் முதலில் சொல்லிவிட்டுச் சொல்லியிருப்பார். கன்னத்தில் ஒன்று வைத்தும் இருப்பார். எனக்கு அந்த இரண்டில் எதற்கும் இடம் இல்லை.

ஜெனி என்னை விடவில்லை. வருமானத்துக்குத் தகுந்தபடி கட்டணம் வாங்கும் ஒரு க்ளினிக் எங்கள் ஊரின் பழைய பகுதியில் இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். அது அங்கே பல வருடமாக இருக்கிறதாம், நான் எத்தனையோ முறை பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். விண்ணப்பம் பதினான்கு பக்கம். சம்பளச் சீட்டு, வாடகைச் சீட்டு, வீட்டில் எத்தனை பேர், யார் யார் சம்பாதிக்கிறார்கள். ஜெனி பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வரிசையில் நின்றாள். முன்னால் ஒரு குடும்பம் ஸ்பானிஷில் பேசிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த கிழவருக்கு எந்த மொழி என்றே தெரியவில்லை. சீட்டு எழுதும் பெண் என்னைப் பார்த்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

உள்ளே டாக்டர் என்ன தொந்தரவு என்று கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை. ‘படபடப்பு’ என்ற வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. மற்றவர்களுக்காக அதை ஐம்பது முறையாவது இங்கிலீஷில் சொல்லியிருப்பேன். என் சொந்த நெஞ்சைப் பற்றிச் சொல்லப் போனதும் அந்த வார்த்தை எங்கேயோ போய்விட்டது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெனி எனக்காகச் சொன்னாள். “என் அம்மாவுக்கு” என்று தொடங்கிச் சொன்னாள்.

மாத்திரைக்கு இப்போது யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை. ஜெனி மறுபடி காதில் மாட்டிக்கொண்டுவிட்டாள். ஆனால் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, “போட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறாள்.

7

நான்கைந்து மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியின் சமூக சேவகியிடமிருந்து ஓர் அழைப்பு. வயதான பெண் குரல். நோயாளி ஊருக்குத் திரும்புகிறார், பயண ஏற்பாடு பேச வேண்டும் என்றார். என் எண்ணைச் சொன்னேன்.

“இந்தக் குரலு எனக்குத் தெரியும்,” என்றார் கன்னியப்பன்.

இங்கிலீஷில் சொன்னேன். வேறு ஆள் வேண்டுமா என்று சமூக சேவகி கேட்டார். கன்னியப்பன் பேசவே சிரமப்பட்டார்.

“வோணாம். ஊட்டுக்குப் போற விசயம். இவங்களே இருக்கட்டும்.”

அவருடைய பாஸ்போர்ட் எப்போதோ காலாவதியாகியிருந்தது. நம் தூதரகத்தில் ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் ஒரு காகிதம் கொடுப்பார்கள். அதை வாங்குவதற்கே ஆறு வாரம் போயிருந்தது. விமானத்தில் ஏற்ற டாக்டர் கடிதம் வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாள் கட்டாயம் மெஷினில் போட வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரியில் யாரோ சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தார்கள். சக்கர நாற்காலி, நடுவில் விமானம் மாறும் இடத்தில் ஓர் ஆள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் “உம்” கொட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் கேட்டார்.

“செங்கல்பட்டுல போனா ஒடனே சேத்துப்பாங்களா? கேட்டுச் சொல்லுங்க.”

சமூக சேவகிக்கு அது எப்படித் தெரியும்? தெரியவில்லை, விசாரித்துப் பார்க்கிறேன் என்றார். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. “மன்னிக்கவும், மொழிபெயர்ப்பாளராக இல்லாமல் என் சொந்தப் பேச்சாகக் கொஞ்சம் பேசலாமா? அது என் ஊர். என் அம்மா அந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தார்,” என்றேன். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. “பேசுங்கள், தயவுசெய்து பேசுங்கள்,” என்றார் அந்த அம்மாள்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு நோயாளியிடம் நானாகப் பேசினேன்.

“ஏர்போர்ட்லருந்து வூட்டுக்குப் போவாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வழியிலதான் இருக்குது. வூட்ல இருந்து ரேஷன் கார்டு, ஆதார், இன்சூரன்ஸ் கார்டு எல்லாத்தையும் எடுத்துக்கினு அங்க வந்து நிக்கச் சொல்லுங்க. இங்க குடுக்கற பேப்பர் எல்லாம் கைப்பையில வெச்சிக்கோங்க, பெட்டியில போட்டுடாதீங்க. உங்க மச்சானையும் வரச் சொல்லுங்க. அவருக்கு அங்க எல்லாரையும் தெரியும்.”

“பொண்ணப் பாக்காமயா?”

“பொண்ண அங்க வரச் சொல்லுங்க.”

“வூட்ல இன்னும் ஒண்ணும் சொல்லலக்கா.”

“இன்னிக்கே சொல்லுங்க. இப்ப இந்த ஃபோன வெச்சதும் சொல்லுங்க.”

சரி என்றார். அன்றைய வாழைப்பழத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வீட்டுக்கு எப்படி வழி என்று அவராகவே சொன்னார். கோயிலைத் தாண்டி, மாடி கட்டி முடிக்காத வீடு. ஊருக்கு வந்தால் வாங்க என்றார். சமூக சேவகி என்ன பேசினோம் என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன்.

8

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு இந்த வருடத் தொடக்கத்தில் ஊருக்குப் போனேன். வேலையில் கேட்ட எதையும் தேடிக்கொண்டு போகக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போனேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் பஸ். ஞாயிற்றுக்கிழமையானதால் கூட்டம் இல்லை. இறங்கிக் கோயிலைத் தாண்டி நடந்தேன். மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த வீட்டு வாசலில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தார்.

திறந்திருந்த கதவு வழியாக உள்ளே சுவரில் மாலை போட்ட படம் தெரிந்தது. அவர் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். ஒல்லியான, உயரமான ஒருவரைத்தான் இத்தனை நாளும் நினைத்து வைத்திருந்தேன். படத்தில் இருந்தவர் குண்டுக் கன்னத்தோடு, யாரோ எடுக்க வேண்டாம் என்று சொல்லியும் எடுத்துவிட்டது போலப் பாதிச் சிரிப்போடு இருந்தார்.

“யாரு வோணும்?” என்றார் அந்தப் பெண். அவர்தான் வசந்தா, மனைவி.

“அமெரிக்காவுல உங்க வூட்டுக்காரருக்கு ஃபோன்ல பேசிக் குடுத்துக்கினு இருந்தேன்,” என்றேன்.

வசந்தா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாழப்பழத்த சொன்னவங்களா, செங்கல்பட்டுக்குப் போகச் சொன்னவங்களா?”

“ரெண்டும் நான்தான்.”

“ரெண்டும் ஒரே ஆளுன்னு அவரும் சொன்னாரு. நா நம்பல.” நாற்காலியை எடுத்துப் போட்டார். “திட்டுவாரு உங்கள. நம்மூருக்காரி காட்டிக் குடுத்துட்டான்னு. இன்னொரு நாளு அவ சொல்லலைன்னா அன்னிக்கே அங்கியே போயிருப்பன்னுவாரு. ஒரே வாய்ல ரெண்டையும் சொல்வாரு. எதுக்கு நா தலையாட்றது?”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நான் சொன்னபடியே ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். வசந்தாவும் மகளும் மச்சானும் கேட்டில் நின்றிருக்கிறார்கள். அன்று மாலையே மெஷினில் போட்டார்கள். அதற்குப் பிறகு செவ்வாய், வியாழன், சனி, மச்சானோடு ஒரே பஸ்ஸில். எட்டு மாதம். “எட்டு மாசம் எங்களோட இருந்தாரு,” என்றார் வசந்தா. “ஆனா நெஞ்சு அங்கியே கெட்டுப் போச்சின்னு டாக்டரு சொல்லிட்டாரு. வுட்டு வுட்டு மெஷினு போட்டதுல. ஒரு செவ்வாக்கெழம காலைல சட்ட போட்டுக்கினு, பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு இந்தப் படியில வந்து உக்காந்தவருதான்.”

உள்ளே யாரோ நடமாடும் சத்தம் கேட்டது. வசந்தா குரலைத் தாழ்த்தினார்.

“பொண்ணுதான் அவராண்ட போவல. ஆறு வயசுல பாத்தது. மறுக்கா பாக்கும்போது ஆளே வேற மாதிரி ஊதிக்கினு வந்து நிக்கறாரு. அதுக்குக் கூச்சம். உள்ளாற போவாது, மூஞ்ச பாத்துப் பேசாது. ரெண்டு நாளு பாத்தாரு. அப்பறம் உள் ரூம்ல படுத்துக்கினே அதுக்கு ஃபோன் போட்டாரு. இது இங்க படியில உக்காந்துக்கினு எடுத்துப் பேசுது. எத்தினி வருசமா பேசின மாதிரியே. சாப்டியா, இன்னா படிச்ச, எல்லாம். நடுவுல நா ஒரு செவுரு தள்ளி நின்னுக்கினு ரெண்டையும் கேட்டுக்கினு இருப்பன். கடசி ஒரு வாரந்தான் உள்ள போய் பக்கத்துல உக்காந்துச்சி. அப்பகூட ஃபோன கையிலயே வெச்சிக்கினு இருந்துச்சி.”

அந்தப் பெண் டீ கொண்டுவந்தாள். அவள் பெயரையும் மாற்றி, பிரியா என்று வைத்துக்கொள்கிறேன். சர்க்கரை போதுமா ஆன்ட்டி என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது வசந்தா அவளை என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் அனுப்பினார். ரோட்டோரத்தில் நின்றோம். கல்பாக்கம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் வந்தது, இரண்டும் மாமல்லபுரம் போகிறவை. பிறகு கேட்டாள்.

“அங்க அப்பா டாக்டராண்டல்லாம் இங்கிலீஷ்ல எப்டி பேசுவாரு ஆன்ட்டி?”

“அவர் தமிழ்ல சொல்வாரு. நான் இங்கிலீஷ்ல சொல்வேன்.”

“ஏதாவது ஒண்ணு சொல்லிக் காட்டுங்க.”

மூச்சு அடைக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, திருப்பி அனுப்பாதீர்கள். இவைதான் முதலில் ஞாபகம் வந்தன. பிறகு இன்னொன்று வந்தது. ஒருமுறை ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் நர்ஸ் பேச்சுக் கொடுத்தார். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டார். அவர் அன்று சொன்னதை, நான் அன்று சொன்ன அதே இங்கிலீஷில், அந்த ரோட்டோரத்தில் நின்று சொன்னேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் பெயர் பிரியா. நன்றாகப் படிப்பாள். கோபம் வந்தால் சாப்பிட மாட்டாள். அவளுக்கு என்னைப் போலவே காது.

பிரியா தலையைத் திருப்பிக்கொண்டாள். காதோரம் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு கடல் பக்கம் பார்த்தபடி நின்றாள். செங்கல்பட்டு பஸ் வந்தது. நான் ஏறினேன்.